எத்ருஸ்கர் சமூகம் பற்றிப் பாடசாலைக் கண்காட்சி: எதை வைக்கலாம், அவர்களின் கறுப்பு மட்பாண்டத்தை இங்கே சுடலாமா?

நெடுங்கேணி ரீச்சர்

வணக்கம். உரோமுக்கு முந்திய இத்தாலி பற்றி எங்கள் பாடப்புத்தகத்தில் அதிகம் இல்லை. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் எத்ருஸ்கரைப் பற்றித் தனியாக ஒரு கண்காட்சி செய்ய விரும்புகிறார்கள். ஒரு வகுப்பறை, மூன்று சுவர்ப் பலகைகள், இரண்டு மேசைகள் இருக்கின்றன. பணம் குறைவு. ஆனால் களிமண், விறகு, உமி, ரெஜிபோம் (வெள்ளை நுரைப்பலகை), பிள்ளைகளின் கை எல்லாம் தாராளம்.

கேள்விகள்: அவர்களின் குடும்பம், பெண்களின் நிலை, சமூக அடுக்கு பற்றி உறுதியாக எதை எழுதலாம்? இணையத்தில் "பெண்களுக்கு முழுச் சம உரிமை" என்று ஒரு பக்கமும் "ஒழுக்கமற்றவர்கள்" என்று இன்னொரு பக்கமும் இருக்கிறது. அடுத்தது, அவர்களின் கறுப்பு மட்பாண்டம், புக்கெரோ என்கிறார்கள். பூச்சு இல்லாமலே எப்படி அந்தக் கறுப்பும் பளபளப்பும் வந்தன? சட்டி பானை சுடுகிறவர்களின் உதவியோடு வன்னி மண்ணில் சிறிதாக ஒன்று செய்து காட்டலாமா? கடைசியாக, எத்ருஸ்க மொழி தமிழ்தான் என்று ஒரு காணொளி பிள்ளைகளிடையே சுற்றுகிறது. அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும்?

மாந்தைத்துறை

வணக்கம் ரீச்சர். முதலாவது பலகையின் மேற்பகுதியிலேயே ஒரு விடயத்தை எழுதிவிடுங்கள். எத்ருஸ்கர் தங்களைப் பற்றி எழுதிய வரலாறோ இலக்கியமோ இன்று இல்லை. உரோமப் பேரரசர் குளோடியஸ் அவர்களைப் பற்றி 20 புத்தகங்களாக எழுதினார், அதுவும் அழிந்துவிட்டது. எஞ்சியிருப்பவை கல்லறைகள், கல்வெட்டுகள், சில ஊர்களின் அத்திவாரங்கள், பிறகு அவர்களோடு போரிட்ட கிரேக்கரும் உரோமரும் எழுதியவை. நீங்கள் குறிப்பிட்ட இரண்டு எதிரெதிர்க் கதைகளும் பிறந்தது இதனால்தான். புகழ்கிறவர் கல்லறைச் சிற்பத்தை மட்டும் பார்க்கிறார், பழிக்கிறவர் கிரேக்கர் எழுதியதை மட்டும் படிக்கிறார்.

இடமும் காலமும் சுருக்கமாகப் போதும். மேற்கு இத்தாலியில் ஆர்னோ ஆற்றுக்கும் தைபர் ஆற்றுக்கும் இடைப்பட்ட நாடு. கி.மு. 900 அளவில் வில்லனோவா எனப்படும் இரும்புக்காலப் பண்பாட்டில் தொடங்குகிறது. அப்போது உடலை எரித்துச் சாம்பலைத் தாழியில் இட்டு, மேலே ஒரு கிண்ணத்தையோ தலைக்கவசத்தையோ கவிழ்த்துப் புதைத்தார்கள். கி.மு. 7ஆம், 6ஆம் நூற்றாண்டுகள் செழிப்பின் உச்சம். கி.மு. 474இல் கூமே கடற்போரில் சிசிலியின் கிரேக்க நகரான சிராக்கூசிடம் தோல்வி, கி.மு. 396இல் வெயி நகரம் உரோமிடம் விழுந்தது, கி.மு. 264இல் வொல்சீனி. ஒரே அரசு இருந்ததாகப் பிள்ளைகள் எழுதிவிட வேண்டாம். தனித்தனி நகர அரசுகள். பன்னிரண்டு நகரங்களின் கூட்டு என்று பழைய நூல்கள் சொல்வது சமய ஒன்றுகூடலைச் சுற்றியது. வெயி முற்றுகையிடப்பட்டபோது மற்ற நகரங்கள் படையோடு உதவிக்கு வரவில்லை.

இரண்டாவது பலகையைக் குடும்பத்துக்கு ஒதுக்குங்கள். ஆதாரம் நிறைய இருப்பது இங்கேதான். எத்ருஸ்க நகரான செர்வெத்தேரியின் பந்தித்தாச்சா இடுகாட்டில் எரிமலைத் துகள் இறுகிய மென்பாறையைக் குடைந்து அறைகள் செய்தார்கள். உள்ளே போக ஒடுங்கிய நடைபாதை, வாசல், முன்கூடம், அதன் பின்னே அறைகள். கூரையில் நடுவளையும் கைமரங்களும் கல்லிலேயே செதுக்கப்பட்டிருக்கும். கதிரையும் கால்மணையும் கல். சுட்ட செங்கல்லில்லாமல் பச்சை மண்கல்லிலும் மரத்திலும் கட்டிய அவர்களின் வீடுகள் மண்ணோடு போய்விட்டன. வீட்டின் உட்பக்கம் எப்படி இருந்தது என்று ஊகிக்க இந்த அறைகள் பெரிதும் உதவுகின்றன. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் "புடைப்புச் சிற்பக் கல்லறை"யில் மத்துனா குடும்பத்தின் பொருட்கள் சாந்தில் உருவாக்கப்பட்டுச் சுவரிலும் தூணிலும் தொங்குகின்றன: கத்தி, கோடரி, கயிறு, குடுவை, கேடயம். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பட்டியல் கிடையாது.

மாதிரி செய்வதானால் 1:10 அளவில் ஓர் அறை போதும். தரை 40 × 30 சென்ரிமீற்றர், உடலைக் கிடத்தும் கட்டில் 20 சென்ரிமீற்றர் நீளம். ரெஜிபோமை வெட்டி, மேலே மெல்லிய சீமெந்துக் கூழ் பூசி, காயுமுன் உளிபோன்ற தட்டையான குச்சியால் கீறிவிட்டால் பாறை குடைந்த தோற்றம் வரும். எண்ணெய் வர்ணமும் தின்னரும் ரெஜிபோமைக் கரைத்துவிடும், தண்ணீர் வர்ணம் மட்டும். கட்டில்கள் இரண்டும் ஒரேமாதிரி இருக்கக்கூடாது. செர்வெத்தேரியில் ஆணின் கட்டிலுக்குத் தூண்போன்ற கால்கள், பெண்ணின் கட்டிலுக்குத் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் முக்கோண முகடு. கல்லறை வாசலில் நட்ட கல்லும் அப்படியே: ஆணுக்குச் சிறு தூண், பெண்ணுக்கு வீட்டு வடிவம். இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் மாதிரியின் பாதிப் பயன் போய்விடும்.

இனிப் பெண்கள். உறுதியாக எழுதக்கூடியவை மூன்று. அவர்களுக்குச் சொந்தப் பெயர் இருந்தது: ராம்தா, தானா, வேலியா, தன்க்வில். உரோமப் பெண்ணுக்குக் குலப்பெயரே பெயர், யூலியஸ் குலத்துப் பெண்கள் எல்லோரும் யூலியா. எத்ருஸ்கக் கல்வெட்டில் தந்தையின் பெயரோடு தாயின் பெயரும் பல இடங்களில் வரும். மூன்றாவது, விருந்தில் மனைவி கணவனோடு ஒரே மஞ்சத்தில் சாய்ந்திருப்பாள். 1881இல் செர்வெத்தேரியில் நூற்றுக்கணக்கான துண்டுகளாகக் கிடைத்து ஒட்டப்பட்ட "தம்பதியர் பேழை", உரோமின் வில்லா ஜூலியா அரும்பொருளகத்தில் இருப்பது, கி.மு. 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிச் சுடுமண். படம் பெரிதாக அச்சிட்டு வையுங்கள். கிரேக்க விருந்தில் குடும்பப் பெண்களுக்கு இடமில்லை. அதைப் பழகிய தெயோபொம்பஸ் என்ற கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்கர், கணவனோடு விருந்துண்ணும் பெண்ணை ஒழுக்கம் கெட்டவளாகவே எழுதிவைத்தார். பழிச்சொல்லின் மூலம் பெரும்பாலும் அவர்தான்.

ஆனால் "முழுச் சம உரிமை" என்றும் எழுதக்கூடாது. நகரப் பதவிகள், குறிப்பாக சிலத் என்ற தலைமைப் பதவி, கல்வெட்டுகளில் ஆண்களின் பெயரோடுதான் வருகின்றன. நாம் பார்ப்பதும் குடைந்த கல்லறை கட்ட வசதியிருந்த குடும்பங்களை மட்டுமே. நெசவு பெண்களின் வேலை, அதுவும் உயர்குடிப் பெண்களின் பெருமை. தக்களிக் குண்டுகளும் நூற்கோல்களும் அவர்களின் புதைகுழிகளில் கிடைக்கின்றன. பொலோஞ்ஞாவில் கிடைத்த கி.மு. 7ஆம் நூற்றாண்டு வெண்கலத் தட்டொன்றில் நூற்பதும் நெய்வதும் படமாகவே உண்டு. வயலில் உழுதவளுக்கும் சுரங்கத்தில் கல் சுமந்தவனுக்கும் சிற்பம் இல்லை. விடுதலை பெற்ற அடிமைகளுக்கு லவுத்னி என்ற பெயர் பிற்காலக் கல்வெட்டுகளில் வருகிறது. வொல்சீனியில் அப்படிப்பட்டோர் ஆட்சியைக் கையில் எடுத்ததும், பிரபுக்கள் உரோமைக் கூப்பிட்டதும், உரோம் வந்து ஊரையே அழித்ததும்தான் கி.மு. 264இன் கதை. அந்த வரியைப் பலகையில் கட்டாயம் போடுங்கள், அடித்தட்டு மக்கள் வரலாற்றில் தலைகாட்டும் அரிதான இடம் அது.

வனைசக்கரம்

புக்கெரோ கேள்விக்கு என் பதில்: செய்யலாம். முழு ஜாடி வேண்டாம், கைப்பிடி இரண்டு வைத்த கிண்ணம் ஒன்றும் சில ஓடுகளும் போதும்.

கறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பிள்ளைகள் விளங்க வேண்டும். நம் செம்மண்ணில் இருப்பது போன்ற இரும்பு அந்த மண்ணிலும் இருக்கிறது. காற்றோட்டமாகச் சுட்டால் அது சிவப்பு ஒட்சைட்டாகவே நிற்கும். உச்ச வெப்பத்தில் காற்றை அடைத்துப் புகையை உள்ளே வைத்தால் காபனோரொட்சைட்டு இரும்பிலிருந்து ஒட்சிசனைப் பறிக்கும், இரும்பு கறுப்பு ஒட்சைட்டாக மாறும், கூடவே நுண்ணிய கரி மண்ணின் துளைகளில் இறங்கும். அதனால் புக்கெரோவை உடைத்தாலும் நடுவரை கறுப்பு. செர்வெத்தேரியில் கி.மு. 675 அளவில் இது தொடங்கியது. ஆரம்பகாலச் சிறந்த கிண்ணங்களின் சுவர் 2 மில்லிமீற்றர் அளவே இருக்கும். உலோகப் பாத்திரத்தின் சாயலை மண்ணில் கொண்டுவரப் பார்த்தார்கள். பிறகு கியூசிப் பக்கத்தில் தடித்த, உருவங்கள் அச்சிட்ட வகை பெருகியது. பிள்ளைகள் 4 முதல் 5 மில்லிமீற்றர் வைக்கட்டும்.

மண் தெளிப்பதில் அவசரம் வேண்டாம். 10 கிலோ காய்ந்த மண்ணை நொறுக்கி 30 லீற்றர் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிடுங்கள். நன்றாகக் கலக்கி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, மேலேயுள்ள கலங்கலை மட்டும் பழைய வேட்டித் துணியால் வடித்து இன்னொரு வாளிக்கு மாற்றுங்கள். அடியில் நிற்கும் மணலும் கல்லும் போகட்டும். கலங்கல் அடைய ஓரிரு நாள். தெளிந்த நீரை இறைத்துவிட்டுச் சேற்றைத் துணி விரித்த செங்கல் மேல் பரப்பினால் பிசையும் பதத்துக்கு வரும். மண்ணைப் பொறுத்துப் பாதியளவு மிஞ்சும்.

12 சென்ரிமீற்றர் வாயுள்ள கிண்ணத்துக்கு 600 கிராம் அளவு மண். அடிக்காலைத் தனியாக வனைந்து, இரண்டும் தோல்பதம் (பாதி காய்ந்து விறைத்த நிலை) ஆனபிறகு கீறி, சேறு தொட்டு ஒட்டுங்கள். கைப்பிடி பட்டையாக, வாயைத் தாண்டி உயர்ந்து வளைய வேண்டும், அந்த வடிவம்தான் அடையாளம். கைப்பிடி ஈரமாகவும் கிண்ணம் காய்ந்தும் இருந்தால் ஒட்டிய இடத்தில் நிச்சயம் வெடிக்கும். இரண்டையும் ஒரே ஈரத்தில் வைக்க ஓர் இரவு ஈரத்துணியால் மூடிவையுங்கள். அலங்காரம் இலகு: சீப்பின் பல்லை அழுத்திப் புள்ளிக்கோடுகள், விரித்த விசிறி வடிவில். ஆரம்பகாலப் புக்கெரோவில் இதுவே அதிகம்.

பளபளப்புக்கு வர்ணமோ எண்ணெயோ இல்லை. நகம் பட்டால் தடம் விழ வேண்டும், விரல் ஒட்டக்கூடாது. அந்தப் பதத்தில் வழவழப்பான கூழாங்கல்லால் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். காயும் தறுவாயில் இன்னொரு முறை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் செய்வதானால் வெளியில் வைக்காதீர்கள், விளிம்பு முதலில் காய்ந்து வெடிக்கும். நிழலில், வாய் கவிழ்த்து, துணி மூடி, 7 முதல் 10 நாள்.

சூளைக்குப் பதில் பெட்டிமுறை பாதுகாப்பானது. தடித்த பெரிய பானை அல்லது இரும்புத் தகரப்பேணி ஒன்று எடுங்கள். நாகம் பூசிய வாளி கூடவே கூடாது, சூட்டில் நச்சுப்புகை வரும். அடியில் 5 சென்ரிமீற்றர் மரத்தூள், கிண்ணம், சுற்றிலும் மேலும் மரத்தூள் இறுக்கமாக. மூடி போட்டு, மணல் கலந்த களியால் பூசி, தீக்குச்சி நுழையும் ஒரு துளை மட்டும் விடுங்கள். மூன்று கல்லில் ஏற்றி, செங்கல்லால் சுற்றுச்சுவர் கட்டி எரிக்க வேண்டும். முதல் இரண்டு மணி நேரம் சிறு நெருப்பு, தண்ணீர் ஆவியாகி வெளியேறட்டும். பிறகு மெல்ல ஏற்றி, நாலைந்து மணி நேரத்தில் 800 முதல் 850 பாகை செல்சியஸ். வெப்பமானி இல்லையென்றால் நிறத்தைப் பாருங்கள். பேணி மங்கிய சிவப்பாகத் தெரிந்தால் 650 அளவு, பழச்சிவப்பு 750 தாண்டி 800ஐ நெருங்குகிறது, செம்மஞ்சள் வந்தால் 900க்கு மேல், விறகை இழுங்கள். பகல் வெளிச்சத்தில் இந்த நிறம் பிடிபடாது. நண்பகலில் தொடங்கினால் உச்சம் பொழுதுபட்ட பிறகு வரும். துளையில் எரியும் சுவாலை அடங்கியதும் களியால் அடைத்து, அரை மணி நேரம் அதே சூட்டில் வைத்து, அப்படியே ஆறவிடுங்கள். காலைவரை திறக்கக்கூடாது.

பிழைகள் எங்கே வரும்? சூடாக இருக்கும்போதே திறந்தால் காற்றுப் பட்ட இடம் நிமிடங்களில் பழுப்பாகிச் சிவக்கும். பூச்சில் வெடிப்பு இருந்தாலும் அதே சிவப்புத் திட்டு. கையில் கரி ஒட்டினால் சூடு போதவில்லை, வெறும் புகைக்கரிதான் படிந்திருக்கிறது. 900ஐத் தாண்டினால் தேய்த்த மினுக்கம் மங்கும். காற்றடைத்த நிலையில் இரும்பு மண்ணை இளகவைப்பதால் பாத்திரம் கொப்புளித்துக் கோணலும் ஆகலாம். திறந்த வெளியில் செய்யுங்கள், நச்சு வாயுவான காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. பிள்ளைகள் காற்று வீசிவரும் பக்கத்தில் நிற்க வேண்டும்.

நெடுங்கேணி ரீச்சர்

மிகவும் நன்றி இருவருக்கும். இன்னும் இரண்டு. எங்கள் பக்கம் கிடைப்பது குளத்து அடிமண். முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களி ஏற்கெனவே கறுப்புத்தானே, அதை எடுப்பித்தால் இன்னும் நல்ல கறுப்பு வருமா? மரத்தூளுக்குப் பதில் உமி போடலாமா? அத்தோடு, பொம்பரிப்பு என்ற பழைய தாழி இடுகாட்டில் கிடைத்த கறுப்பு-சிவப்பு மட்பாண்டமும் இதே முறைதானா என்று ஒரு பிள்ளை கேட்கிறாள்.

வனைசக்கரம்

முருங்கன் களி வேண்டாம் ரீச்சர். பச்சை மண்ணின் கறுப்பு சூட்டில் நிற்காது. அந்த மண் ஈரத்தில் வீங்கிக் காய்ந்தால் பிளக்கும் வகை, வயலில் கோடையில் விழும் வெடிப்பைப் பார்த்தாலே தெரியும். கிண்ணத்திலும் அதேதான் நடக்கும். இன்னொரு ஆபத்து, அதில் சுண்ணாம்புக் கட்டிகள் உண்டு. சுட்டபின் அவை காற்றின் ஈரத்தை இழுத்து ஊதி, ஓரிரு நாளில் பாத்திரத்தின் மேற்பரப்பை வெள்ளைப் புள்ளியாகத் தள்ளிவிடும். கண்காட்சி நடக்கும்போதே உரிந்து விழும்.

குளத்து மண்ணை எடுங்கள். கட்டுக்குக் கிட்ட வெட்டாமல் குளத்தின் உள்ளே நீர் வற்றிய இடத்தில், மேலேயுள்ள வேர்மண்ணை நீக்கிவிட்டு. ஒரு துளி எலுமிச்சைச்சாற்றையோ வினாகிரியையோ விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, வேறு இடம் பாருங்கள். பிறகு 10 சென்ரிமீற்றர் கோடு கீறிய ஒரு பட்டையைச் செய்து காயவிட்டு அளவுங்கள். கோடு 9 சென்ரிமீற்றருக்குக் கீழே போனால் மண் அதிகம் சுருங்குகிறது. ஐந்து பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலித்த நுண்மணல் சேருங்கள். மணல் கூடினால் மினுக்கம் குறையும், அதற்குமேல் போக வேண்டாம். சுட்டால் நன்றாகச் சிவக்கும் மண்ணாக இருப்பது முக்கியம். இரும்பு குறைந்த வெளிர்மண் சாம்பல் நிறத்தில் நின்றுவிடும்.

உமி போடலாம், ஆனால் அது தளர்வாக அடங்கும், இடையில் காற்று நிற்கும். இரண்டு பங்கு உமிக்கு ஒரு பங்கு மரத்தூள் கலந்து கையால் அழுத்தி நிரப்பினால் சரிவரும்.

அந்தப் பிள்ளையின் கேள்வி அருமையானது. அடிப்படை ஒன்று, கையாளும் விதம் வேறு. கறுப்பு-சிவப்பு வகையில் உட்புறமும் விளிம்பும் காற்றின்றிக் கறுக்க, வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி காற்றுப் பட்டுச் சிவக்கிறது. புக்கெரோவில் முழுப் பாத்திரமும் காற்றின்றி. ஒரே மண்ணில் ஒரே அளவில் மூன்று ஓடுகள் செய்யுங்கள். ஒன்று திறந்த நெருப்பில், ஒன்று பாதிவரை உமியில் புதைத்து, ஒன்று மூடிய பேணியில். மூன்றையும் அருகருகே வைத்தால் மேசையில் நிற்கிறவருக்கு விளக்கமே தேவையில்லை. கறுப்பு ஓட்டில் ஒரு மூலையை உடைத்து நடுவையும் காட்டுங்கள். ஆனால் அட்டையில் "ஒரே நுட்பம், ஆகவே ஒரே மக்கள்" என்ற அர்த்தம் வந்துவிடக்கூடாது. காற்றை அடைத்தால் மண் கறுக்கும் என்பதைச் சூளை வைத்த எவரும் கண்டுபிடிப்பார்கள். பொம்பரிப்பின் தாழிகளையும் வில்லனோவாத் தாழிகளையும் இணைத்துப் பார்க்கும் ஆசைக்கும் இதுவே பதில்.

எழுத்தாணி

காணொளி பற்றி. எத்ருஸ்க மொழி தமிழ் இல்லை, திராவிட மொழியும் இல்லை. பிள்ளைகளுக்கு "இல்லை" என்று மட்டும் சொல்லாமல் எப்படித் தெரியும் என்பதையும் சொல்லுங்கள்.

பலர் நினைப்பதுபோல அது வாசிக்க முடியாத எழுத்து அன்று. கிரேக்க நெடுங்கணக்கை எடுத்து, பெரும்பாலும் வலமிருந்து இடமாக எழுதினார்கள். ஏறத்தாழ 13,000 கல்வெட்டுகள் உண்டு. பெரும்பாலானவை பெயர், தந்தை, தாய், வயது, பதவி என்ற அளவில் நிற்பதால் மொழியின் ஒரு பகுதிதான் விளங்குகிறது. நீளமானது ஸாக்ரெப் நகரில் இருக்கும் துணிப் புத்தகம். எகிப்தில் ஒரு பதப்படுத்திய உடலைச் சுற்றப் பட்டைகளாகக் கிழிக்கப்பட்டதால் தப்பியது. அது ஒரு சடங்கு நாட்காட்டி. 1964இல் பிர்ஜி துறைமுகத்தில் கிடைத்த மூன்று பொன் தகடுகளில் இரண்டு எத்ருஸ்கம், ஒன்று பினீசியம், பினீசியத் தகட்டிலும் நீளமான எத்ருஸ்கத் தகட்டிலும் ஏறக்குறைய ஒரே செய்தி: செர்வெத்தேரியின் ஆட்சியாளர் தெஃபாரியே வெலியானஸ் தேவிக்குச் செய்த காணிக்கை. சொற்களின் பொருளை இப்படிப்பட்ட இடங்களிலிருந்து கட்டியெழுப்பியிருக்கிறார்கள்.

உறவு மொழி என்று சொல்ல, ஒலிகள் ஒழுங்காக ஒன்றுக்கொன்று ஈடாக வர வேண்டும், விகுதிகள் பொருந்த வேண்டும். தோற்றத்தில் ஒத்த இருபது சொற்களை எந்த இரண்டு மொழிகளிலும் பொறுக்கலாம். எத்ருஸ்கத்துக்கு அப்படிப் பொருந்தும் உறவுகள் லெம்னோஸ் தீவில் கிடைத்த நடுகல்லின் மொழியும் ஆல்ப்ஸ் பக்கத்து ரேத்திய மொழியும். மூன்றும் இன்று வழக்கில் இல்லை. வகுப்பில் ஒரு பயிற்சி செய்யலாம். பகடைக்காய்களிலிருந்து தெரிந்த எண்கள் து, ஸல், கி, ஹுத், மாக், ஸா. நாலும் ஆறும் எவை என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இவற்றைத் தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு எண்களோடு ஒரே அட்டவணையில் எழுதவிடுங்கள். நான்கும் ஒன்றாக நிற்கும், ஐந்தாவது தனியே நிற்கும்.

எங்கிருந்து வந்தவர்கள் என்றும் கேட்பார்கள். அனத்தோலியாவின் (இன்றைய துருக்கி) லிதியாவிலிருந்து கடல்வழி வந்தார்கள் என்றார் ஹெரோடோட்டஸ். அந்த மண்ணின் மக்களே என்றார் ஹலிகார்னாசஸ் டயோனிசியஸ். 2021இல் 82 பேரின் பழைய மரபணுக்களைப் படித்த ஆய்வு, அயலில் வாழ்ந்த லத்தீன் மக்களோடு அவர்கள் மிக நெருங்கியவர்கள் என்றும், அவர்களின் காலத்தையொட்டிய அனத்தோலியக் குடியேற்றத்துக்கு அடையாளம் இல்லை என்றும் காட்டியது.

குளக்கட்டு

நம் ஊரில் செய்யும் கண்காட்சியில் தண்ணீரைப் பற்றி ஒரு மூலையாவது வேண்டும். தெற்கு எத்ரூரியாவில், வெயியைச் சுற்றி, பாறைக்குள் வெட்டிய வாய்க்கால்கள் நிறைய. குனிக்குலி என்பார்கள். ஓர் ஆள் நின்று வெட்டும் அளவு: உயரம் 1.7 மீற்றர் அளவு, அகலம் அரை மீற்றர்தான். மேலிருந்து ஏறத்தாழ 30 மீற்றருக்கு ஒன்றாகச் செங்குத்துக் குழிகள் இறக்கி, ஒவ்வொரு குழியின் அடியிலிருந்தும் இரண்டு பக்கமும் குடைந்து நடுவில் சந்திப்பார்கள். குழி வழியே மண் வெளியேறும், காற்று உள்ளே வரும், பின்னர் தூர் வாரவும் அதுவே வழி.

நோக்கம் நம் குளங்களுக்கு நேர் எதிரானது. வன்னியில் மாரி மழையைக் கட்டுப்போட்டு மறித்து, துரிசால் அளந்து விடுகிறோம். அங்கே பள்ளத்தாக்கின் அடியில் நீர் தேங்கி நிலம் சதுப்பாகிறது, பெருமழையில் மேல்மண் அரித்துப் போகிறது. ஆகவே ஓடையின் நீரைப் பாறைக்குள் இறக்கி, மேலே பயிர்நிலத்தை மீட்டார்கள். வெயியில் பொந்தே சோதோ என்ற இடத்தில் ஓர் ஓடையையே 70 மீற்றர் அளவு பாறைக்குள் திருப்பியிருக்கிறார்கள், இன்றும் ஓடுகிறது.

காலம் எழுதும்போது கவனம். பாறையில் வெட்டிய சுரங்கத்துக்கு வயது கணிப்பது கடினம், அதே முறையை உரோமரும் தொடர்ந்தார்கள். "எத்ருஸ்கர் காலத்திலும் அதன் பின்னும்" என்று போடுங்கள். மாதிரிக்கு, நீளமான கண்ணாடித் தொட்டி இருந்தால் அதன் ஓரமாக மண் நிரப்பி, அடியில் துளையிட்ட குழாய், மேலே மூன்று செங்குத்துக் குழாய்கள். அடிக்குழாயைச் சிறிது சரிவாக வைத்து மறுமுனையைத் தொட்டிக்கு வெளியே விடுங்கள். 1 மீற்றருக்கு 1 சென்ரிமீற்றர் சரிவு போதும். கூடினால் வாய்ப்பக்கத்தில் மண்ணை இழுத்துக் கொண்டு வரும். துளைகளைத் துணியால் சுற்றாவிட்டால் பத்து நிமிடத்தில் அடைத்துவிடும்.

மாந்தைத்துறை

குளக்கட்டு ஐயா சொன்னதை மூன்றாவது பலகையில் சேர்க்கலாம் ரீச்சர், சமயத்துக்குப் பக்கத்தில். அந்தப் பலகைக்கு ஒரு பொருளும் களிமண்ணிலேயே செய்யலாம். 1877இல் பியாசென்சாவுக்கு அருகில் வயலில் கிடைத்த வெண்கல ஈரல், 126 × 76 × 60 மில்லிமீற்றர். பலியிட்ட ஆட்டின் ஈரலைப் பார்த்துக் குறி சொல்லும் பூசகர்களின் வழிகாட்டி. விளிம்பைச் சுற்றி 16 கட்டங்கள், வானத்தை அவர்கள் பிரித்த 16 பகுதிகளுக்கு ஈடானவை, ஒவ்வொன்றிலும் தெய்வங்களின் பெயர். மின்னல் எந்தப் பகுதியில் தோன்றியது என்பதும் இதே கணக்கில்தான் பார்க்கப்பட்டது. களிமண் சுருங்கும் என்பதால் நீளம் 140, அகலம் 84, உயரம் 67 மில்லிமீற்றராகச் செய்தால் காய்ந்து சுட்டபின் ஏறத்தாழ உண்மை அளவுக்கு வரும். இவ்வளவு தடித்த மண் உருண்டை சூட்டில் வெடிக்கும், அடிப்பக்கத்தால் குடைந்து சுவரை 1 சென்ரிமீற்றராக்குங்கள்.

கல்லறை மாதிரிக்குப் பக்கத்தில் வைக்க இன்னொரு குறிப்பு. 2013இல் தர்குவீனியாவில் திறக்கப்படாத கல்லறையொன்றில் ஓர் எலும்புக்கூட்டின் அருகே ஈட்டி இருந்தது. உடனே "போர்வீர இளவரசன்" என்று செய்தி போனது. எலும்பைச் சோதித்தபோது 35 முதல் 40 வயதுப் பெண். ஈட்டி ஆணுக்கு, நகைப்பெட்டி பெண்ணுக்கு என்று பொருளை வைத்தே பால் தீர்மானித்த பழைய அகழாய்வுக் குறிப்புகள் ஏராளம், 19ஆம் நூற்றாண்டில் எலும்பை வீசிவிட்டுப் பொருளை மட்டும் எடுத்தவர்களும் உண்டு. பிள்ளைகள் அட்டை எழுதும்போது "இங்கே கிடைத்தது", "இதிலிருந்து ஊகிப்பது" என்று இரண்டு நிறத்தில் எழுதட்டும். கிடைத்ததற்குக் கறுப்பு, ஊகத்துக்கு நீலம்.

நெடுங்கேணி ரீச்சர்

இரண்டு நிறம் நல்ல யோசனை, எல்லாப் பலகைக்கும் அதையே வைக்கிறோம். மண் எடுக்க மழைக்கு முன் குளத்துக்குப் போகிறோம். எலுமிச்சைச் சோதனையும் 10 சென்ரிமீற்றர் பட்டையும் முடிந்ததும் அளவுகளை இதே இழையில் போடுகிறேன், வனைசக்கரம் ஐயா பார்த்துச் சொல்லுங்கள்.